பத்தில் ஒரு பங்கு நொடி

2021 ஜூன் 26. உரோமை நகரில் நடந்த நீச்சல் போட்டியில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடிகளில் முடித்தார் சஜன் பிரகாஷ். ஒலிம்பிக் நேரடித் தகுதிக்கான எல்லையோ 1 நிமிடம் 56.48 நொடிகள். பத்தில் ஒரு பங்கு நொடி முந்தியதால், அத்தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது.

அக்கணத்திற்குப் பின்னே நின்ற ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்க்கிறோமா? 1993இல் கேரளத்தின் இடுக்கியில் பிறந்த அவர், தாய் சாந்திமோள் பணியாற்றிய நெய்வேலியில் வளர்ந்தவர். அத்தாயும் ஒரு தடகள வீராங்கனையே. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆறு தங்கம் வென்ற மகன், 2016இல் ரியோ ஒலிம்பிக்கிற்குச் சென்றது ஒதுக்கீட்டு வாய்ப்பினால்தான். 2019இல் கழுத்து வட்டு விலகி இடக்கையை முடக்கியது. நீச்சல் வாழ்வே முடிந்துவிடுமோ என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தே, வழங்கப்பட்ட இடத்தை உழைத்துப் பெற்ற இடமாக்கினார்.

டோக்கியோவில் பதக்கம் கிட்டவில்லை, 24ஆம் இடமே. ஆயினும், கறம்பக்குடிக் குளங்களில் நீந்தும் நம் பிள்ளைகளுக்கு வெற்றிக் கதைகளோடு, வலியைத் தாங்கி மீண்டும் நீரில் இறங்கிய இவ்வரலாற்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.