கைரேகைப் பதிவேடும் கணினிப் பந்தயமும்

இணையவழிக் கார்ப் பந்தய விளையாட்டின் வரலாறு, நடுவர் கண்ணுக்குப் புலப்படாத களத்தில் நீதியை நிலைநாட்ட முயன்ற வரலாறாகும். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையிலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கொடியேந்திய அலுவலர்கள் நின்று கண்காணித்தனர். மோதல் நேர்ந்தால் நடுவர் குழு இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் என்பதே பந்தய உலகின் மரபு. அக்குழுவினும் வலிய நடுவர் ஒருவர் அங்கு உண்டு. அவர் பெயர் அச்சம். மோதினால் எலும்பு முறியும், வண்டி நொறுங்கும், பணம் கரையும். கணினித் திரையில் இம்மூன்றும் இல்லை. முதல் வளைவில் பிரேக்கை மிதிக்காமல் முன்செல்லும் வண்டியை இடித்து, அதையே தடுப்புச் சுவராக்கித் திரும்புபவருக்கு இழப்பு ஏதுமில்லை. இடிபட்டவருக்கோ அன்றைய பந்தயமே முடிந்துவிடுகிறது.

அச்சம் அகன்ற இடத்தில் எதை வைப்பது என்னும் வினாவுக்கு முதல் முறையான விடை 2008இல் வந்தது. கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் விளையாட்டை 1998இல் உருவாக்கியவர்களுள் முதன்மையான டேவிட் கேமர், ஐரேசிங் என்னும் இணையச் சேவையை அவ்வாண்டு பொதுமக்களுக்குத் திறந்தார். அங்கே புனைபெயருக்கு இடமில்லை. சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். வேகத்துக்கு ஒரு மதிப்பெண், ஒழுக்கத்துக்கு வேறொரு மதிப்பெண் எனப் பிரித்தது அதன் பெரும் புதுமை. தடத்தை விட்டு விலகினால் ஒரு புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டு, பிற வண்டியுடன் பலமாக மோதினால் நான்கு என அந்நாளில் வகுக்கப்பட்ட கணக்கு, எத்தனை வளைவுகளுக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து உரிமத்தை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

இக்கணக்கின் நுட்பமும் குறையும் ஒன்றே. மோதலில் யார் குற்றவாளி என்று அது ஆராய்வதில்லை. இடித்தவர்க்கும் இடிபட்டவர்க்கும் ஒரே புள்ளி. உள்நோக்கத்தை மென்பொருளால் அளக்க முடியாது என்பது அதன் அடிப்படை. நீண்ட காலத்தில் கவனமாக ஓட்டுபவரின் கணக்கு தானே சீராகும் என்பது அதன் நம்பிக்கை. பெருந்தொகையில் இது பலிக்கிறது. தனியொருவரின் ஒரு மாலைப்பொழுதில் பலிப்பதில்லை. அதனாலேயே பந்தயப் பதிவை அனுப்பி முறையிடும் வழியும், அதை மனிதர் பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாடும் உடன் தேவைப்பட்டன.

2017இல் வெளியான கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் மாற்று வழியை நாடியது. இணையப் பந்தயத்தில் இறங்குமுன் ஒழுக்க நெறி விளக்கப் படங்களைப் பார்க்க வேண்டும் என்றது. தவறிழைத்தவர் யார் என மென்பொருளே கணித்து நேரத் தண்டம் விதித்தது. இடிபட்டவருக்கே தண்டம் விழுந்ததாக முறையீடுகள் பெருகவே, விதிகள் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன.

தொலைவும் இங்கு ஒரு தரப்பாகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடக்கும். செய்தி வந்துசேர 0.2 நொடி தாமதமானால், அதற்குள் அது 11 மீட்டர் நகர்ந்துவிடும். இடைவெளியை மென்பொருள் ஊகத்தால் நிரப்புகிறது. ஊகம் பிழைத்தால், ஒருவர் திரையில் நிகழாத மோதல் மற்றவர் திரையில் நிகழும். தொலைநாட்டுச் சேவையகத்தோடு மெலிந்த இணைப்பில் விளையாடும் இந்திய இளைஞர், செய்யாத தவற்றுக்குப் புள்ளி சுமக்கும் வாய்ப்பு மிகுதி.

அடையாளம் பற்றிய வினா 2020இல் கூர்மை பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் ஃபார்முலா ஈ நடத்திய இணையப் பந்தயத்தில், ஓட்டுநர் டேனியல் ஆப்ட் தமக்குப் பதிலாகத் தேர்ந்த இணைய ஓட்டுநர் ஒருவரை இறக்கினார். உண்மை வெளிப்பட்டதும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். 10,000 யூரோவை அறப்பணிக்கு அளிக்குமாறு பணிக்கப்பட்டார். ஆடி நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்தது. யார் ஓட்டுகிறார் என்று தெரியாத இடத்தில் நீதி இயலாது என்பது ஐயமறத் தெளிந்தது.

ஆயினும், அடையாளப் பதிவு எப்போதும் நீதியின் கருவியன்று என்பதைத் தங்கவயலின் வரலாறு அறியும். சாம்பியன் ரீப்ஸ் உள்ளிட்ட கோலார் சுரங்கங்களை ஜான் டெய்லர் நிறுவனம் நிர்வகித்த காலத்தில், 1930இல், தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற ஆணை வந்தது. குற்றவாளிகளிடம் பெறும் அடையாளத்தைத் தங்களிடம் கேட்பதா எனத் தொழிலாளர் கொதித்தனர். ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவருக்கு மற்றொன்றின் கதவும் அடைபடும் என அஞ்சினர். ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் நீடித்தது. நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய ஒடுக்கப்பட்ட தமிழ் மக்களே அத்தொழிலாளருள் பெரும்பகுதியினர்.

வயிற்றுப்பாட்டுக்கான போராட்டத்தையும் பொழுதுபோக்கையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. எனினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே: பதிவேடு யார் கையில் இருக்கிறது? அதில் தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்டதை மறுத்துரைக்க ஒருவருக்கு வழி உண்டா? 1930இல் வழி இல்லை. ஆகவே பதிவேட்டையே மறுத்தனர்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பலர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். அந்நகரில் வாடகைக் கார் ஓட்டுபவரின் வருமானத்தையும், உணவு கொண்டுசேர்ப்பவரின் வருமானத்தையும் செயலியின் மதிப்பெண்ணும் தீர்மானிக்கிறது. விளையாட்டில் விசாரணையின்றி விழும் புள்ளியை இயல்பெனப் பழகும் தலைமுறை, வேலையிலும் அதை இயல்பெனவே கொள்ளும். ஆகவே விளையாட்டுக் களத்தில் தேவையானவை மூன்று: புள்ளி எதற்காக விழுந்தது என்னும் விளக்கம், மனிதர் செவிமடுக்கும் முறையீடு, இணைப்பின் குறையை ஓட்டுநரின் குற்றமாக எண்ணாத கணக்கு. இம்மூன்றும் உள்ள பதிவேடு ஒழுக்கத்தை வளர்க்கும். இவை இல்லாத பதிவேட்டிற்குத் தங்கவயல் 1930இலேயே விடை சொல்லிவிட்டது.