நரிக்கொம்பு வாங்கிய கதை

போன மாதம் மரக்காணம் போயிருந்தேன். அக்கா மகன் வீட்டில் விசேஷம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளம் வரும்போது இன்னும் விடியவில்லை. பஸ் வெளிச்சத்தில் வரப்பின்மேல் ஒன்று நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. பேரன் "தாத்தா, நாய்!" என்றான். நாய் இல்லை. வாலைத் தூக்காமல் தொங்கவிட்டிருந்தது, நுனி கருப்பு. நரிதான். நான் பார்த்து ஐம்பது வருஷம் இருக்கும்.

என் சின்ன வயதில் அது தினசரி சமாச்சாரம். வெயிலுக்கு முன்னால் உப்பு வார வேண்டும் என்று அப்பா இருட்டிலேயே அளத்துக்குக் கிளம்புவார். கழுவெளிப் பக்கம் ஒன்று ஊளையிடும், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். சென்னையிலிருந்து தெற்கே வரும் அந்தக் கால்வாய் எங்கள் ஊரோடு முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் அதில்தான் பட்டணம் போயின. நரிக்கு அங்கே நண்டு, எலி, பருவத்தில் பனம்பழம். ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் பழி அதன்மேல்தான். தெருநாயை யாரும் கேட்பதில்லை.

நாம் நரி என்ற ஒரே சொல்லில் இரண்டு பிராணிகளை அடக்கிவிடுகிறோம். எங்கள் கரையில் ஊளையிடுவது ஆங்கிலத்தில் ஜக்கால். ஃபாக்ஸ் வேறு, நம் நாட்டு ஃபாக்ஸ் உருவத்தில் சிறியது, வறண்ட வெட்டவெளியில் வளை தோண்டி வாழும். சேலம் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி என்பார்கள். பொங்கல் சமயத்தில் அதைப் பிடித்து வந்து முகத்தில் விழித்தால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. வனத்துறை தடுத்து அபராதம் போடுகிறது.

வெள்ளைக்காரனுக்கும் இந்தக் குழப்பம் உதவியது. ஊரில் ஃபாக்ஸ் வேட்டையாடிப் பழகியவன், ஊட்டிக்கு இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் வரவழைத்தான். துரத்த ஃபாக்ஸ் இல்லை. ஜக்கால் போதும் என்று வைத்துக்கொண்டான். சிவப்புக் கோட்டு, கொம்பு ஊதல் எல்லாம் அப்படியே. அவர்கள் குதிரை ஓடிய புல்வெளிதான், 1891 முதல் 1896 வரை சென்னை கவர்னராக இருந்த வென்லாக் பிரபு பெயரில் இன்றும் இருக்கும் வென்லாக் டவுன்ஸ். மலையில் அப்படி. பட்டணத்திலோ, கவர்னர் மாளிகைக் காடாக இருந்து 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டியில், சுற்றிலும் அத்தனை வாகன இரைச்சலுக்கு நடுவே நரி பிழைத்திருக்கிறது. லண்டன் தெருக்களில் ஃபாக்ஸ் குப்பைத்தொட்டியைக் கிளறுவது போலத்தான்.

சொல்ல வந்தது நரிக்கொம்பைப் பற்றி. கூட்டத்துத் தலைவன் நரிக்கு மண்டையில் மயிருக்குள் சின்னக் கொம்பு முளைக்கும், அது கையில் இருந்தால் வழக்கு ஜெயிக்கும், நகை திருட்டுப் போகாது என்பார்கள். இலங்கையில் வேலை பார்த்த எமர்சன் டெனன்ட் 1861-ல் வந்த தன் புத்தகத்திலேயே 'நரிக்கொம்பு' என்ற தமிழ்ச் சொல்லோடு இந்த நம்பிக்கையை எழுதியிருக்கிறார். வடநாட்டில் சியார் சிங்கி என்று இதே சரக்கு விற்கிறது.

1968-ல் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பனந்தோப்புப் பாகத்தில் வழக்கு. வாய்தா மேல் வாய்தா. யாரோ யோசனை சொல்ல, அப்பா திருவிழாக் கடையில் கொம்பு கேட்டார். விற்றவர் "இரண்டு நாள் பொறுங்க சாமி" என்றார். மூன்றாம் நாள் கால்வாய்க்கரைப் புதருக்குப் பின்னால் வளையை வெட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். தாய் நரி கிடந்தது. குட்டிகள் மூன்று, கண் திறந்தும் திறக்காமலும். ஒன்றை எடுத்துப்போகிறேன் என்றேன். அப்பா முதுகில் ஒன்று வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கொம்புக்காக அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. மீட்கவில்லை.

வழக்கு தோற்றது. விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று ஊரே ஏசியது. நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு வயிறு, எங்களுக்குத் தம்பியை ஜெயிக்கும் ஆசை. கேட்டு வாங்க ஆள் இல்லாவிட்டால் அவர் எதற்கு வளையை வெட்டப்போகிறார்? சித்தப்பா வீட்டோடு அன்றைக்கு நின்ற போக்குவரத்து பிறகு தொடரவே இல்லை. சாவுக்குக்கூடப் போகவில்லை.

நான்கு வருஷம் கழித்து 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நரியைக் கொல்வதும் அதன் உறுப்பை விற்பதும் குற்றம். கழுவெளியும் 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்காகத்தான், நரிக்கும் கொஞ்சம் ஒதுங்க இடம் கிடைத்திருக்கிறது.

விசேஷம் முடிந்த மறுநாள் அக்கா, அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் துணியில் அது அப்படியே இருந்தது. அக்கா மகன் கேலியாக, "மாமா, போலீஸ் வந்தா உங்களைத்தான் காட்டுவேன்" என்றான். பிளேடால் பிரித்தோம். செம்பட்டை மயிர், தோல், உள்ளே மெழுகில் பதித்த எலும்புத் துண்டு ஒன்று. கொம்பு ஏது? நரிக்கே கிடையாதே. சாயங்காலம் கால்வாய்க்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தேன். பேரன் குழி தோண்டினான்.

இரவு சித்தப்பா மகன் நம்பரை விசாரித்து வாங்கிப் போன் போட்டேன். முதலில் யாரென்று தெரியவில்லை. சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அண்ணே, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குண்ணே. அதே வருஷம் எங்கப்பாவும் வாங்கினாரு" என்றான்.