தேனில் ஊறிய அடை

1789, ஏப்ரல் 30. நியூயார்க் நகரில் பீரங்கிகள் முழங்க, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்கிறார் ஜார்ஜ் வாஷிங்டன். அன்றைக்கு அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பற்கள் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

மரத்தில் பல் கட்டியிருந்தார் என்பதெல்லாம் சும்மா கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பற்கள்... இப்படிப் பலதும் சேர்த்துச் செய்த பல்செட்டுகள் அவருடையவை. மேல் செட்டையும் கீழ் செட்டையும் இணைக்க ஸ்பிரிங் வேறு! தாடையை இறுக்கிப் பிடித்தால்தான் வாய் மூடும். உதடு பிதுங்கும், ஈறு வலிக்கும். அப்புறம் எங்கே மெல்லுவது?

அதனால் காலையில் மக்காச்சோள மாவு அடை. அதன்மேல் வெண்ணெயும் தேனும் வழிய வழிய ஊற்றி ஊறவைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை. கூடவே டீ. மனைவியின் பேத்தி நெல்லி இதைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

வாஷிங்டனின் மவுன்ட் வெர்னான் பண்ணை அடிமைகளுக்கும் அதே சோளமாவுதான் படி. தொட்டுக்கொள்ள உப்பு மீன். வெண்ணெய், தேன் அந்தப் படியில் கிடையாது.

பண்ணையின் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது. பல் டாக்டர் ஒருவருக்காக, கறுப்பின அடிமைகளிடம் 9 பற்கள் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங்.

காசு கொடுத்தார்கள்தான். ஆனால், 'மாட்டேன்' என்று சொல்ல அடிமைக்கு வாய் ஏது? மறுநாள் காலை அவர்கள் எதை, எப்படி மென்று விழுங்கினார்கள்?

கணக்கில் அது இல்லை!