பெரம்பலூர், அரியலூர் பகுதிக் குடிபெயர்வும் பண்பாட்டுக் கலப்பும்

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்குள் இருந்தவை. பெரம்பலூர் 1995இலும் அரியலூர் இறுதியாக 2007இலும் தனி மாவட்டங்களாயின. பழைய திருச்சி மாவட்டம், இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டத் தொழிலாளர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்றாகும். வானம் பார்த்த பூமி, நிலமின்மை, தீராக் கடன், 1876-78 பெரும் பஞ்சம் ஆகியவை மக்களைக் கடல் கடக்க வைத்தன.

தமிழர் எங்கு போனாலும் தமிழராகவே இருப்பர் என்று மேடைகளில் சொல்வதுண்டு. குடிபெயர்வின் வரலாறு அப்படி இல்லை. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் சில நாடுகளில் தமிழ் பேசுகின்றனர். சில நாடுகளில் அவர்களிடம் தமிழ்ப் பெயரும் திருவிழாவும் மட்டுமே எஞ்சியுள்ளன. இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று ஆள் சேர்த்த முறை.

மொரிசியசு, ரீயூனியன், நேட்டால், பிஜி ஆகிய இடங்களுக்கு ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பெரும்பாலும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டு, பல மொழியினரோடு ஒரே கரும்புத் தோட்டத்தில் விடப்பட்டனர். எனவே தோட்டத்தின் பொதுமொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று. மொரிசியசில் அது கிரியோல். 1903 முதல் தென்னிந்தியர் சென்ற பிஜியில் இந்தி. ரீயூனியனில் பலருக்குப் பிரெஞ்சுக் கிறித்தவப் பெயர்கள் இடப்பட்டன. ஆயினும் 'மலபார்' எனப்படும் அம்மக்கள் இன்றும் தீமிதிக்கின்றனர். மொழி போனதால் உணர்வு போய்விட்டது என்று கொள்ளக்கூடாது. 1998இல் மொரிசியசு பணத்தாளில் தமிழ் எழுத்து, இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது தமிழ் வம்சாவளியினர் எதிர்த்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன.

இலங்கை, மலாயா நாடுகளுக்குச் சென்றவர்களைத் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். முன்பணம் கொடுத்து, உறவுமுறையாரைக் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சென்றார். ஊரே இடம் பெயர்ந்து லயன் அறைகளில் குடியேறியது போலாயிற்று. மாரியம்மன் கோயிலும், திருச்சிச் சீமை வீரப்பூரோடு தொடர்புடைய பொன்னர் சங்கர் கதையும், காமன் கூத்தும் மலையகம் ஏறின. கூடவே சாதியும் ஏறியது. கங்காணியிடம் பட்ட கடனும் தலைமுறை தாண்டித் தொடர்ந்தது. ஆகவே மொழி நிலைத்ததைத் தொழிலாளரின் விருப்பம் என்று மட்டும் சொல்ல இயலாது. தோட்டத்தை விட்டு வெளியேற வழியில்லாததும் ஒரு காரணம். மலேசியாவில் இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் பல தோட்டங்களில் தோன்றியவை.

தனித்து நின்றதற்கு இலங்கையில் விலை கொடுக்க நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தந்தை இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டால், பிறப்புப் பதிவே இல்லாத லயன்வாசி எங்கே போவார்? 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அவர்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடு அன்று இது.

தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். நீலகிரியில் அவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டம் உருவாக்கப்பட்டது. பாட்டன் ஊரைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே நிலம் இல்லை. உறவோ இரண்டு தலைமுறை தள்ளிப்போயிருந்தது. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டனர். அங்கே தங்கிவிட்டவர்களில் குடியுரிமை இல்லாதிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே அதை வழங்கியது.

இன்று இப்பகுதியினர் செல்வது பெரும்பாலும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும். பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விசாக்காலம் முடிந்ததும் திரும்ப வேண்டியவர்கள். குடியுரிமை அங்கே அரிதிலும் அரிது. பெரும்பாலான தொழிலாளர்களின் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே வளர்கின்றனர்.