பான்ஹார்ட் ராட்

காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்சில் இடவலமாக நகராமல் பிடித்து நிறுத்தும் குறுக்குத் தண்டு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். பிரான்சின் பழைய கார் நிறுவனமான பான்ஹார்ட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கையாண்டது. நிறுவனர்களில் ஒருவரான ரெனே பான்ஹார்டின் குடும்பப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஜீப்காரர்களுக்கு இது 'டிராக் பார்'. ஜிம்னி தயாரிக்கும் சுசுகிக்கு 'லேட்டரல் ராட்'.

வண்டியை உயர்த்தினால் தண்டின் சரிவு கூடும். நீளம் மாறாததால் ஆக்சில், சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக ஒதுங்கும். அதற்காகவே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டு போடுகிறார்கள். புஷ் தேய்ந்தாலோ போல்ட் துளை நீள்வட்டமானாலோ, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் படபடவென உதறத் தொடங்கும்.

சோதிப்பது எளிது. சக்கரங்கள் தரையில் நிற்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க வேண்டும். மற்றவர் தண்டின் இரு முனைகளையும் கவனிக்க வேண்டும். பிராக்கெட்டுக்குள் போல்ட் நகர்ந்தால் ஆட்டம் அங்கேதான். புது ஸ்டியரிங் டேம்பர் உதறலை மறைக்கும், தீர்க்காது.