உறையில் இல்லாத பெயர்கள்

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் தி கார்னர்’ இசைத்தட்டு 1972 அக்டோபரில் வெளிவந்தது. உறையில் கார்க்கி மெக்காய் வரைந்த கேலிச்சித்திரம். முன்னால் ‘ஆன்’, பின்னால் ‘ஆஃப்’. வாசித்தவர்களின் பெயர் எங்குமே கிடையாது. என்ன கருவி என்று விமர்சகர்களே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் பெயர்களை விட்டதாக டேவிஸ் பின்னாளில் விளக்கினார். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு தபலா தெளிவாக விழுகிறது. யாருடைய கை அது? அங்கிருந்துதான் தேடலைத் தொடங்கினேன்.

டேவிஸின் ஒலிப்பதிவுகளைத் தொகுத்தவர்களின் பட்டியல்கள் ஜூன் 1, ஜூன் 6 என இரண்டு நாள்களைத் தருகின்றன. ஜூலை 7 அன்று மேலும் சில ஒலிகள் சேர்க்கப்பட்டன. எது எந்த நாளுடையது என்பதைக் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மைக்கேல் ஹெண்டர்சனின் பாஸ் கிதாரை மட்டும் பின்தொடர்ந்தேன். முதல் பக்கம் முடியும்போது வரும் ‘பிளாக் சாட்டின்’ உருப்படியின் பாஸ் வரிதான் இரண்டாம் பக்கத்திலும் ஓடுகிறது. ஆக, அவை ஒரே நாளின் சரக்கு: ஜூன் 6. முதல் பக்கத்தின் இருபது நிமிட நீள உருப்படியில் இருப்பது வேறு தாளக்கட்டு. அது ஜூன் 1.

அந்த நீள உருப்படியில் சோப்ரானோ சாக்ஸஃபோன் ஒன்று வருகிறது. ஆதார சுருதி எதுவென்று தேடிக்கொண்டே பறப்பது போன்ற வாசிப்பு. புதுமைக்காகச் செய்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; எனக்கு அது போதவில்லை. விடை அதை வாசித்த டேவ் லீப்மனின் நினைவுகளில் இருந்தது. மருத்துவரிடம் போயிருந்த அவருக்கு அம்மா மூலம் தகவல் வந்து, ஸ்டுடியோவுக்கு விரைந்திருக்கிறார். உள்ளே நுழையும்போதே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மின்கருவிகள் எல்லாம் நேரே கன்சோலில் செருகப்பட்டிருந்ததால் அவற்றின் ஒலி அறைக்குள் இல்லை. அவருக்கு ஹெட்ஃபோனும் இல்லை. டிரம்ஸையும் தாளவாத்தியங்களையும் மட்டும் கேட்டுக்கொண்டு, சுருதி தெரியாமல் வாசித்திருக்கிறார். இதை அறிந்தபின் அந்தப் பகுதியை மறுபடி கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பாஸோடு ஒட்டாத அந்தக் குழல் தாளத்தை மட்டும் ஓரிடத்திலும் விடவில்லை.

தபலாக்காரர் பாதல் ராய். இன்றைய வங்கதேசத்தின் கொமிலாவில் பிறந்து, புள்ளியியல் படிக்க நியூயார்க் போனவர். அங்கே ஓர் இந்திய உணவகத்தில் தபலா வாசித்த அவரை ஜான் மெக்லாஃப்லின் கண்டுகொண்டு, 1971இல் வந்த தன் ‘மை கோல்ஸ் பியாண்ட்’ ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார். (அடுத்த சில ஆண்டுகளில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவை அமைத்த அதே மெக்லாஃப்லின்தான், ஜூன் 1 அன்று அவரும் கிதாரோடு டேவிஸின் ஸ்டுடியோ பதிவில் இருந்தார்.) அந்தப் பதிவில் ஒத்திகை இல்லை, விளக்கம் இல்லை, டேவிஸ் தன்னையே முதலில் தொடங்கச் சொன்னார் என்று ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இசைத்தட்டிலோ அப்படி ஒரு தனித் தொடக்கம் இல்லை. ஊசி வைத்ததும் எல்லாக் கருவிகளும் ஒன்றாகப் பாய்கின்றன.

தயாரிப்பாளர் டியோ மெசெரோ எவ்வளவு வெட்டினார் என்பது 2007இல் ஆறு குறுந்தகடுகளாக வந்த முழுத் தொகுப்பில்தான் தெரிகிறது. இரண்டாம் பக்கத்தின் ‘ஒன் அண்ட் ஒன்’ உருப்படி இசைத்தட்டில் ஆறு நிமிடம். வெட்டாத வடிவம் ஏறக்குறைய பதினெட்டு. மெசெரோவின் கத்தரியை நான் மிகவும் மதிப்பவன். ஆயினும் இந்த ஒன்றில் முழு வடிவத்தையே தேர்வேன்: தாளவாத்தியக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் கேட்டு மெல்ல மெல்ல மாறுவதற்கு அந்தப் பதினெட்டு நிமிடம் வேண்டியிருக்கிறது.