கிடாவின் கொம்பு உடைந்த கதை: மஞ்சள், ஈ, ரண ஜன்னி

இன்னைக்கு எபிசோட் ஒரு உடைந்த கொம்பில் இருந்து ஆரம்பிக்குது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, வாடிப்பட்டி பக்கம் தாத்தா வீட்டில் இரண்டு வெள்ளாட்டுக் கிடாக்கள் இருந்தன. மதுரைப் பக்கம் கிடாமுட்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதில் மோதுவது செம்மறிக் கிடாக்கள். பின்னால் போய், ஓடி வந்து, நெற்றியோடு நெற்றி இடிக்கும். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளைச் சண்டைக்கு விடுவதே குற்றம். ஆனா எங்க கிடாக்களை யாரும் ஏவிவிடல. பெட்டை ஆடு பருவத்துக்கு வந்தா, அதுங்களே ஆரம்பிச்சிடும். வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழும்பி நின்னு, தலையைச் சாய்ச்சு கொம்பை இறக்கும். அப்படி ஒருநாள் சின்னக் கிடாவுக்கு ஒரு கொம்பு அடியோடு போச்சு.

அவ்வளவு ரத்தத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. தாத்தா துணியை வெச்சு அழுத்திப் பிடிச்சார். ரத்தம் நின்னதும் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைச்சு ஓட்டைக்குள்ள அடைச்சு, மேல அடுப்புச் சாம்பலைத் தூவி, இறுக்கிக் கட்டினார். “டாக்டரைக் கூப்பிடலாமா தாத்தா?”ன்னு கேட்டேன். “இதுக்கு எதுக்குடா டாக்டரு, எங்க அய்யா காலத்துல இருந்து இதுதான் வைத்தியம்”னார்.

ஓட்டைன்னு சொன்னேன் இல்லையா, அதுதான் விஷயமே. ஆட்டின் கொம்பு நகம் மாதிரி வெறும் ஓடு இல்லை. உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கு, ரத்த ஓட்டமும் இருக்கு. வளர்ந்த ஆட்டில் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை அந்தக் கொம்புக்குள்ளும் நீளுது. கொம்பு அடியோடு உடைஞ்சா, மண்டைக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி.

அந்த ஜன்னலுக்கு முதல் எதிரி ஈ. சில ஈக்களின் புழு செத்த சதையை மட்டும் தின்னும். ஆனா நம்ம ஊரில் இருக்கும் ஒரு வகை ஈயின் புழு, உயிருள்ள சதையையே துளைச்சுக்கிட்டு உள்ளே போகும். வேப்பெண்ணெய் வாடை ஈயை விரட்டும். அந்தப் பாதியில் தாத்தா கணக்கு சரி.

மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயம் ஆற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு பேட்டன்ட் கொடுத்தாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையையும் காட்டி எதிர்த்தது. 1997-ல் பேட்டன்ட் ரத்து. இதைப் படிச்சப்போ எனக்கும் செம்ம பெருமை. ஆனா அந்த வழக்கில் கேட்ட கேள்வி ‘இது புதுசா, பழசா?’ என்பது மட்டும்தான். ‘இது போதுமா?’ன்னு அங்க யாரும் கேட்கல. நாம ஜெயிச்சது முதல் கேள்வியில். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் அதை ரெண்டாவது கேள்விக்கும் பதிலா ஆக்கிடுச்சு.

பதினோராம் நாள் கிடாவின் கால்கள் மரக்கட்டை மாதிரி விறைச்சுப் போச்சு. காது நிமிர்ந்து நின்னுச்சு. வாயைத் திறக்க முடியல. ரெண்டு நாளில் செத்துப்போச்சு. காயத்தில் ஒரு புழு கூட இல்லை. “மூளையில அடி பட்டிருக்கும்”னார் தாத்தா. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். இந்த எபிசோடுக்காக ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசினப்போ, அவர் கேட்ட முதல் கேள்வியே “தாடை இறுகிப் போச்சா?” என்பதுதான்.

அது டெட்டனஸ். தமிழில் ரண ஜன்னி. ரணத்துக்கும் ஜன்னிக்கும் சம்பந்தம் இருக்குன்னு அந்தப் பேரை வெச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. காரணம்தான் தெரியல. 1884-ல் நிக்கோலையர் என்ற ஜெர்மன் மருத்துவர் வெறும் மண்ணை விலங்குகளின் உடம்பில் செலுத்தி இந்த நோயை வரவழைச்சுக் காட்டினார். கிருமி மண்ணில்தான் இருக்கு. ஆனா தனியா வளர்க்கப் பார்த்தவங்க எல்லாம் தோத்தாங்க. 1889-ல் பெர்லினில் வேலை பார்த்த ஜப்பானியர் கிடசாட்டோ அதைச் சாதிச்சார். அவர் செஞ்சதில் முக்கியமானது, காற்றை வெளியேத்தினது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் அந்தக் கிருமி பெருகும்.

அந்த வரியைப் படிச்சதும் லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தொழுவத்து மண்ணும் சாணமும் பட்ட ஆழமான காயம். மேல காற்றுப் புகாத மாதிரி மஞ்சள் அடைப்பு. ஈயைத் தடுக்கப் போட்ட அதே மூடிதான் இந்தக் கிருமிக்கு வசதி பண்ணிக் கொடுத்திருக்கும். அதுவும் வாரக்கணக்கில் சத்தமில்லாம வேலை செய்யும். அதனால கட்டுப் போட்ட நாளையும் செத்த நாளையும் யாரும் சேர்த்துப் பார்க்கல.

கிடசாட்டோவும் பெரிங்கும் 1890-ல் இதன் நஞ்சை முறிக்கும் சீரம் கண்டுபிடிச்சாங்க. பிறகு 1920-களில் காஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சுக்காரர், கிருமியின் நஞ்சை ஃபார்மலினால் வீரியமிழக்கச் செய்து தடுப்பூசியாக மாற்றும் வழியைக் கொண்டுவந்தார். அவர் படிச்சது கால்நடை மருத்துவம். நமக்கு ஸ்கூலில் போட்ட டி.டி. ஊசி அந்த வழியில் வந்ததுதான்.

மருத்துவர் சொன்ன முறை பெருசா ஒண்ணும் இல்லை. சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்தணும். கிடாக்களைப் பிரிச்சுக் கட்டணும். ஓட்டைக்குள் தண்ணியோ பினாயிலோ ஊத்தக் கூடாது, எதையும் அடைக்கவும் கூடாது. மேலோட்டமா காஸ் துணி போட்டு ஈ வராம பார்த்துக்கிட்டு, அன்னைக்கே டாக்டரைக் கூப்பிட்டு ரண ஜன்னிக்கு ஊசி போடணும்.

போன வருஷம் மறுபடியும் ஒரு கொம்பு போச்சு. இந்தத் தடவை அப்பா உடனே டாக்டருக்கு போன் பண்ணிட்டார். ஊசி போட்டு, கட்டு மாத்தி, மூணு வாரம் தாண்டியும் கிடா நல்லா தழை தின்னுச்சு. தாத்தாவுக்கு இப்ப எண்பத்தாறு. திண்ணையில் உட்கார்ந்தபடி, “கட்டுக்கு மேலயாச்சும் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவலாமான்னு அவரைக் கேளுடா”ன்னார். கேட்டேன். கட்டுக்கு வெளியே, சுற்றி இருக்கும் முடியில் தடவிக்கோங்கன்னு சொல்லிட்டார்.